கருப்பு வண்ணத்துக்குக் கொடுக்கும் விலை

கேள்வி: நான் பல ஆண்டுகளாக ஃபிலிம் கேமராவில் படமெடுத்து வருகிறேன். கருப்பு வண்ணம் பூசிய லைக்கா எம்3 கேமரா ஒன்றும், 50 மி.மீ. எஃப்/1.2 நாக்டிலக்ஸ் லென்ஸ் ஒன்றும் ஒரே ஆளிடமிருந்து விற்பனைக்கு வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்கினால் என் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். மீதிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். இதைச் செலவு என்று நான் நினைக்கவில்லை, முதலீடு என்றே நினைக்கிறேன். ஆனால் என் மனைவி, "இதை வைத்துப் படமெடுக்கப் போகிறீர்களா, பூட்டி வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விற்பவர் புகைப்படங்களை மட்டும் அனுப்பிவிட்டு, வேறு சிலரும் கேட்பதாகச் சொல்லி முன்பணத்துக்கு அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். பழைய கேமராக்களைப் பழுதுபார்ப்பதும், வாங்க நினைப்பவர்களுக்காக அவற்றைப் பரிசோதித்து மதிப்பிட்டுச் சொல்வதும் என் தொழில். உங்களைப் போன்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் விலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். உங்கள் மனைவி கேட்டிருப்பதோ விலைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு விடை கிடைத்தால்தான் நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் எவ்வளவு எதற்காகப் போகிறது என்பது தெரியும். உங்கள் கடிதத்தில் மூன்று ஆசைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன: அந்த லென்ஸ் தரும் படத்தின் மேல் ஆசை, அந்தப் பொருளைக் கையில் வைத்திருக்கும் ஆசை, நாளைக்கு அது கூடுதல் விலைக்குப் போகும் என்ற ஆசை. மூன்றும் நியாயமானவையே, ஆனால் மூன்றுக்கும் விலை வேறு, ஆபத்தும் வேறு.

முதலில் கேமராவை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய கேமராவான லைக்கா எம்3 1954-இல் வெளிவந்தது. 1966 வரையிலான உற்பத்திக் காலத்தில் 2,20,000-க்கும் மேற்பட்டவை தயாராயின. எனவே எம்3 என்பது அரிய கேமரா அல்ல. குரோம் பூச்சுடன் நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை, பொறுமையாகத் தேடினால் எப்போது வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். அரியது எதுவென்றால், தொழிற்சாலையிலேயே கருப்பு வண்ணம் பூசி வெளியே வந்த சிறு தொகுதிதான். உள்ளே இருக்கும் ஷட்டர், பற்சக்கரங்கள், தூரம் பார்த்துக் குவிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர், கண்ணாடிப் பட்டகங்கள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கருப்பு எம்3 எடுக்கும் படத்தையும் குரோம் எம்3 எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவராலும் வேறுபாடு சொல்ல முடியாது. ஆகவே குரோம் கேமராவின் விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கப்போகும் ஒவ்வொரு காசும் அந்த வண்ணத்துக்கும், அது தொழிற்சாலையில் பூசப்பட்டதுதான் என்பதற்கான சான்றுக்கும் மட்டுமே போகிறது. சான்று இல்லையென்றால் அந்தக் கூடுதல் பணத்துக்கு ஈடாக உங்கள் கைக்கு எதுவும் வரப்போவதில்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்ணத்துக்காகவா மனிதர்கள் இவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஏளனமாக நான் சொல்லவில்லை. அந்தக் கருப்பு வண்ணம் பித்தளையின் மேல் பூசப்பட்டது. பல ஆண்டுகள் கையில் புழங்கும்போது விளிம்புகளில் மெல்லத் தேய்ந்து அடியிலுள்ள பித்தளை மஞ்சளாக வெளித்தெரியும். ஒவ்வொரு கேமராவும் அதை வைத்திருந்தவரின் பிடிக்கு ஏற்ப வேறுவேறு விதமாகத் தேய்ந்திருக்கும் என்பதால், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அதோடு கண் வைத்துப் பார்க்கும் எம்3-இன் வ்யூஃபைண்டர் காட்சியைக் கிட்டத்தட்ட இயல்பான அளவிலேயே காட்டுவதால், இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு படமெடுக்கலாம். எடுப்பவருக்கும் எடுக்கப்படும் காட்சிக்கும் நடுவே கருவி இருப்பதே மறந்துபோகும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு எம்3-இன் நெம்புகோலைத் தள்ளி ஃபிலிமை நகர்த்தும்போது விரலுக்குத் தெரியும் அந்த வழுவழுப்பான இயக்கம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. பொருளின் மேல் வரும் இந்தப் பற்றுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஏலச் செய்திகளைப் படித்துவிட்டு உங்கள் கேமராவுக்கு விலை கணக்கிடாதீர்கள். 35 மி.மீ. ஃபிலிமைப் பயன்படுத்தும் லைக்கா 1925-இல் சந்தைக்கு வருவதற்கு முன், 1923 வாக்கில் சோதனைக்காகச் செய்யப்பட்ட ‘0 வரிசை’ கேமராக்கள் இருபத்துச் சொச்சமே. அவற்றுள் 122 என்ற எண் கொண்டது 2018-இல் வியன்னாவில் 24 லட்சம் யூரோவுக்கு விற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் 105 என்ற எண் கொண்டது ஏலக் கட்டணம் உட்பட 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. ஒரே வரிசை, ஒரே வடிவமைப்பு. விலையோ ஆறு மடங்கு. காரணம், 105-ஆம் எண் கேமரா லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக்கின் சொந்தக் கேமரா. அவருடைய பெயர் அதன் வ்யூஃபைண்டர் மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பது விலையை ஓர் அளவுக்குத்தான் ஏற்றும். அதற்கு மேல் ஏற்றுவது, யார் கையில் இருந்தது என்பதும் அதை மறுக்கமுடியாதபடி நிறுவும் ஆவணமும்தான். உங்களுக்கு வந்திருக்கும் கேமராவுக்கு அப்படியொரு வரலாறு இருப்பதாக விற்பவர் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. இனிமேல் சொன்னாலும், காகிதம் இல்லாமல் நம்பாதீர்கள்.

இப்போது வண்ணத்தைப் பரிசோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலாவது, வரிசை எண். கருப்பு எம்3-கள் குறிப்பிட்ட எண் தொகுதிகளில் வெளிவந்தவை. அந்தத் தொகுதிகள் சேகரிப்பாளர்களின் கையேடுகளில் பதிவாகியிருக்கின்றன. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைக் கொண்டு, அந்த எண் எந்த நிறத்தில் வெளியே போனது என்று தயாரித்த நிறுவனத்திடமே கேட்கவும் வழி உண்டு. எண் அந்தத் தொகுதிக்குள் இல்லையென்றால், பெரும்பாலும் அது பிறகு வண்ணம் மாற்றப்பட்ட குரோம் கேமராவாகத்தான் இருக்கும். இரண்டாவது, மேல்தகட்டில் பொறிக்கப்பட்ட எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மறுபடி பூசப்பட்ட கேமராவில் புதிய வண்ணம் பொறிப்புக்குள் இறங்கித் தேங்கி, எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பது வழக்கம். மூன்றாவது, திருகாணிகளின் தலை. அவற்றின் காடி சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். எதற்காகப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். நான்காவது, தேய்மானம். கழுத்துப்பட்டை மாட்டும் வளையத்தைச் சுற்றியும், நெம்புகோலின் முனையிலும், அடித்தகட்டின் ஓரங்களிலும், விரல்கள் பிடிக்கும் மூலைகளிலும்தான் இயல்பான தேய்மானம் வரும். யாரும் தொடாத பள்ளங்களில் பித்தளை தெரிந்து, தொடும் இடங்களில் வண்ணம் பளபளவென்று இருந்தால், அது தேய்த்து உண்டாக்கிய பழமை.

வண்ணம் மாற்றிய கேமரா மோசமான கேமரா என்று பொருளல்ல. திறமையாக மறுபடி பூசப்பட்ட எம்3-கள் அழகாகவே இருக்கின்றன. படமெடுக்க அவற்றைத் தாராளமாக வாங்கலாம். அதை அதற்குரிய விலைக்கு விற்பது நேர்மை. தொழிற்சாலைக் கருப்பு என்று விற்பது மோசடி. பழைய லைக்காக்களைப் பொறுத்தவரை இதைவிட முரட்டுத்தனமான மோசடியும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் 1930-களிலிருந்து லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்ட ஃபெட், பின்னர் வந்த ஜோர்க்கி கேமராக்களுக்குத் தங்க முலாம் பூசி, லைக்கா முத்திரையைப் பொறித்து, போர்க்கால இராணுவச் சின்னங்களையும் சேர்த்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் போதும்: ரேஞ்ச்ஃபைண்டரோடு தொடும் பகுதி, உண்மையான லைக்காவில் சிறு உருளையாக இருக்கும், அந்த நகல்களில் பெரும்பாலும் ஆப்பு வடிவ நாக்காக இருக்கும். உங்கள் எம்3-க்கு இது பொருந்தாது என்றாலும், இந்தப் பாதையில் இறங்கியபின் என்றாவது தேவைப்படும்.

லென்ஸ் விஷயம் வேறு வகை. அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்துக்குக் கண்ணாடியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1966-இல் வந்த லைக்காவின் எஃப்/1.2 நாக்டிலக்ஸ், இரவில் இருக்கும் வெளிச்சத்திலேயே படமெடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. சாதாரண லென்ஸில் கண்ணாடியின் பரப்பு ஒரு கோளத்தின் பகுதியாக இருக்கும். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/1.2 அளவுக்கு அகலத் திறக்கும்போது அதன் ஓரங்களில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல் படம் புகைமூட்டமாகிவிடும். இதைத் தடுக்க அந்த லென்ஸின் இரண்டு பரப்புகளைக் கோளவடிவிலிருந்து மாற்றிக் கையால் கடைய வேண்டியிருந்தது. அன்றைய கருவிகளைக் கொண்டு அதைச் செய்வது மிகவும் கடினம்; கடைந்தவற்றில் நிறைய கழிவாகப் போயின. 1975 வரை தயாராகியும் மொத்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தொடவில்லை. அடுத்து 1976-இல் வந்த எஃப்/1.0 நாக்டிலக்ஸில், லென்ஸ் வடிவமைப்பாளர் வால்டர் மாண்ட்லர் உயர்ந்த ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடியைப் பயன்படுத்திக் கோளப் பரப்புகளைக் கொண்டே காரியத்தை முடித்துவிட்டார். கையால் கடைந்த லென்ஸின் காலம் அதோடு முடிந்தது. இன்றைய விலைக்கு அந்தச் சுருக்கமான ஆயுளும் ஒரு காரணம்.

அது எடுக்கும் படம் எப்படி இருக்கும்? ஒரு மீட்டர் தூரத்தில், அதாவது அந்த லென்ஸால் குவிக்க முடிந்த மிகக் குறைந்த தூரத்தில், எஃப்/1.2-இல் ஒரு முகத்தை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். மூலைகள் இருளும், பின்னாலுள்ள விளக்குகள் மெத்தென்று விரியும். இன்றைய லென்ஸ்கள் மூலை முதல் மூலை வரை ஒரே சீரான கூர்மையைத் தருகின்றன. அந்தச் சீர்மை சலித்துப்போனவர்களுக்குப் பழைய லென்ஸின் குறைகளே அழகாகத் தெரிகின்றன. இதை மாயை என்று நான் ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் வேறுபாடு படத்தில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்கும் அந்த விலைக்கும் நேரான தொடர்பு கிடையாது. ஜெர்மானிய பையோட்டார் லென்ஸைத் தழுவிச் சோவியத்தில் லட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 லென்ஸ், பின்னணியைச் சுழல்போலக் காட்டுவதற்காகவே விரும்பி வாங்கப்படுகிறது. அதன் விலை நாக்டிலக்ஸின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. எஃப்/1.2 நாக்டிலக்ஸே வேண்டுமென்றால், 2021-இல் லைக்கா நிறுவனமே அதை மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறது. அதுவும் விலை உயர்ந்ததுதான், ஆனால் அசலைவிடக் குறைவு, கண்ணாடியும் புதியது. உங்கள் ஆசை படத்தின் மேல் என்றால், அசலை வாங்கக் கடன்படுவதற்குக் காரணமே இல்லை.

அசல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், விற்பவர் அனுப்பிய படங்களை வைத்து நிலையை மதிப்பிட முடியாது. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஒரு சிறிய டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலையின் இழைபோல் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டிருந்தால், துடைத்த பிறகும் தடம் நிற்கும். மூச்சு பட்டதுபோல் ஒரு படலம் தெரிந்தால், உள்ளேயிருக்கும் மசகு ஆவியாகிப் படிந்திருக்கலாம்; சரியான நேரத்தில் சுத்தம் செய்தால் பெரும்பாலும் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறங்களோடு ஒரு திட்டு தெரிந்தால், ஒட்டப்பட்ட இரண்டு கண்ணாடிகள் பிரிய ஆரம்பித்துவிட்டன என்று பொருள். கையால் கடைந்த பரப்புகள் கொண்ட இந்த லென்ஸில் சேதமான ஒரு கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி கிடைக்காது; எனவே இங்கே சிறு குறையும் பெரிய தொகை.

எம்3-இலும் இதே போன்ற ஒரு பலவீனம் உண்டு. அதன் வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் பட்டகங்கள் பிசினால் ஒட்டப்பட்டவை. ஒரு முறை கீழே விழுந்தாலோ, வயதாகியோ ஒட்டு விடுபட்டால், காட்சி இருண்டுபோகும். பழுதுபார்ப்பது கடினம், செலவும் அதிகம். ஷட்டரையும் ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிக் கேட்க வேண்டும்: ஒரு விநாடி வேகத்தில் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் சீரான ஓசையோடு ஓடி முடிய வேண்டும், நடுவில் திணறினால் மசகு காய்ந்திருக்கிறது. அது சாதாரண சர்வீஸில் தீரும் குறை, பயப்பட வேண்டாம். ஷட்டரின் துணித் திரையில் ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்பதை இருட்டறையில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

அடுத்து, முதலீடு என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன 105-ஆம் எண் கேமராவுக்கு ஏலம் படிந்த தொகை 1 கோடியே 20 லட்சம் யூரோ. வாங்கியவர் கொடுத்தது 1 கோடியே 44 லட்சம். நடுவில் இருக்கும் 20 சதவீதம் ஏல நிறுவனத்தின் கட்டணம். இதே விகிதத்தை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஏலத்தில் 100-க்குப் படிந்த பொருளுக்கு நீங்கள் 120 கொடுக்கிறீர்கள். திரும்ப விற்கும்போது விற்பவரிடமிருந்து 15 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்ட 120 கைக்குத் திரும்ப வேண்டுமானால் ஏலம் 141-க்கு மேல் படிய வேண்டும். அதாவது விலை 41 சதவீதம் ஏறிய பிறகுதான் நீங்கள் நஷ்டமில்லாத இடத்துக்கே வந்து சேருகிறீர்கள். இதில் சுங்க வரி, காப்பீடு, அனுப்பும் செலவு, சர்வீஸ் எதையும் நான் சேர்க்கவில்லை. நேரடியாக ஒருவரிடமிருந்து வாங்குவதால் உங்களுக்கு முதல் 20 மிச்சம் என்று நினைக்கலாம். அதற்குப் பதிலாக, பரிசோதித்து உத்தரவாதம் கொடுக்கும் ஒரு நிறுவனம் இல்லாமல் போகிறது. இதன் மேல் கடன் வட்டியும் ஏறினால், வட்டி மாதம் தவறாமல் வரும். கேமராவோ விற்கும்வரை ஒரு பைசாகூடத் தராது. அவசரத்துக்கு ஒரே வாரத்தில் விற்க நேர்ந்தால், கிடைக்கும் விலையை முடிவு செய்வது நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

விலை ஏறும் கேமராக்களும் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. 1990-இல் வந்த கான்டாக்ஸ் டி2 என்ற சிறு கேமரா, பிரபலங்களின் கைகளில் தென்பட்ட பிறகு பல மடங்கு விலை ஏறியது. அதன் உயிர் மின்னணுச் சுற்றில் இருக்கிறது. தயாரித்த கியோசெரா நிறுவனம் கேமராத் தொழிலிலிருந்து விலகுவதாக 2005-இலேயே அறிவித்துவிட்டது. சுற்று செத்துப்போனால், மாற்றுப் பாகத்துக்கு இன்னொரு டி2-வைப் பலி கொடுக்க வேண்டும். அந்த வகையில் உங்கள் தேர்வு நல்ல தேர்வு: எம்3-க்குப் பேட்டரியே கிடையாது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

"பூட்டி வைக்கப் போகிறீர்களா?" என்பதற்கு என் பதில்: தயவுசெய்து பூட்டி வைக்காதீர்கள். பெட்டி, காகிதம், உத்தரவாத அட்டை எல்லாவற்றோடும் தொடப்படாமல் இருக்கும் ஒரு கேமராவை வாங்குபவருக்கு வேறு வழியில்லை, முதல் ஃபிலிம் போட்டதுமே அவர் கொடுத்த விலையில் ஒரு பகுதி போய்விடும். நீங்கள் தேடுவது அது அல்ல. ஏற்கெனவே புழங்கித் தேய்ந்த கேமராவைக் கவனமாகப் பயன்படுத்துவதால் மதிப்பு குறைவதில்லை. பயன்படுத்தாமல் விட்டால்தான் மசகு காய்ந்து இயக்கம் இறுகுகிறது. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்டி நீண்ட நாள் இருந்தால் பூஞ்சை தொடங்கும். ஈரப்பதம் காட்டும் கருவியோடு கூடிய உலர் பெட்டி சிறந்தது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதை அவ்வப்போது மாற்றினாலும் போதும். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். பழைய தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு உணவாகவும் ஆகிறது. கேமராவோடு வந்த உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் தனியாக வையுங்கள்.

இனி, நீங்கள் என்ன செய்யலாம் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள். கடன் எடுத்து வாங்கவே வாங்காதீர்கள். கருப்பு எம்3-க்குக் கேட்கும் விலையில் ஒரு பகுதிக்கு நல்ல குரோம் எம்3 ஒன்றும், அதைத் தேர்ந்த கையில் கொடுத்து முழு சர்வீஸ் செய்யும் செலவும் அடங்கிவிடும். படமெடுப்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. லென்ஸின் மேல் மனம் நிற்கிறதென்றால், சேமிப்பைத் தொடாமல் வாங்கக்கூடிய நாள் வரும்வரை ஹீலியோஸ் போன்ற ஒரு பழைய லென்ஸை அது பொருந்தும் கேமராவில் மாட்டி ஓர் ஆண்டு படமெடுத்துப் பாருங்கள். அந்த வகைப் படம் உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமா என்பது அந்த ஆண்டு முடிவதற்குள் தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு, இல்லை, எனக்குக் கருப்பு எம்3-தான் வேண்டும், விற்க மாட்டேன், படமெடுப்பேன், விலை இறங்கினாலும் வருந்தமாட்டேன் என்று உங்கள் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால், கைவசமுள்ள பணத்துக்குள் அதை வாங்குவதில் நான் குறை காணமாட்டேன்.

எப்படியானாலும் முன்பணத்தை இப்போது அனுப்பாதீர்கள். விற்பவரிடம் வரிசை எண்ணைத் தெளிவாகக் காட்டும் படம், மேல்தகட்டின் பொறிப்பு, திருகாணிகள், அடித்தகட்டின் ஓரங்கள் ஆகியவற்றின் நெருக்கமான படங்கள், லென்ஸுக்குள் டார்ச் அடித்து எடுத்த படம் ஆகியவற்றைக் கேளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு பழுதுபார்ப்பவர் நேரில் பரிசோதிக்க அனுமதியும், அவர் குறை சொன்னால் பொருளைத் திருப்பிக்கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையும் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். நல்ல கருப்பு எம்3 வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் சிரமமாக இருக்காது, அவரே மகிழ்ச்சியோடு காட்டுவார். மறுத்தாலோ, நாளைக்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று மறுபடியும் சொன்னாலோ, அந்த வேறொருவருக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.